ஒரு ஃபோர்ஸ்ஃபுல் ரிப்ளையும் நாலஞ்சு ஸ்பானிஷ் வார்த்தையும்

ஓஎம்ஆர்ல ஒரு இன்சூரன்ஸ் பேக் ஆபீஸ்ல ஸ்பானிஷ் டிரான்ஸ்லேட்டரா சேர்ந்த புதுசு. கிளையன்ட் மாட்ரிட்ல. ஒரு கார் கிளெய்ம்ல ஒர்க்‌ஷாப்காரன் பில்லை ஏத்திக்கிட்டே போக, மேனேஜர் "அவனுக்கு ஃபோர்ஸ்ஃபுல்லா ரிப்ளை பண்ணியாச்சுன்னு கிளையன்டுக்கு எழுதிடுப்பா"ன்னார், நானும் யோசிக்காம ஃபோர்ஸ் மாதிரியே இருக்கேன்னு ஃபோர்ஸோஸோங்கற ஸ்பானிஷ் வார்த்தையைப் போட்டு அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல அங்க ரிவ்யூ பண்ற மேடம் போன். "உங்களை யாரு கட்டாயப்படுத்துனா?"ன்னு ஒரே சிரிப்பு.

ஃபோர்ஸோஸோன்னா வேற வழியே இல்லாம நடக்கறது. இன்ஜின் கோளாறுல விமானம் அவசரமா இறங்கினா அந்த இறங்கறது ஃபோர்ஸோஸோ. ஸ்பெயின்ல 1889 சிவில் கோட் 807வது பிரிவுல வர்ற 'எரெதேரோஸ் ஃபோர்ஸோஸோஸ்'னா, பொதுவா உயில்ல பேர் இல்லேன்னாலும் பங்கு கொடுத்தே ஆகவேண்டிய வாரிசுங்க. லைஃப் பாலிசி ஃபைல்ல இதை எத்தனை தடவை டைப் பண்ணிருப்பேன், அப்பவும் புத்தியில ஏறலை.

மேடம் மாத்திச் சொன்ன வார்த்தை கொன்துன்தென்தே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அதை நான் போலீஸ் ரிப்போர்ட்லதான் பாத்திருக்கேன், 'ஒப்ஹேத்தோ கொன்துன்தென்தே'வால கடைக் கண்ணாடியை உடைச்சாங்கன்னு வரும், அதாவது கம்பியோ கட்டையோ, கூர் இல்லாம அடிச்சுக் கன்னிப்போக வைக்கற சாமான். அதே வார்த்தைதான் எதிராளி வாயே திறக்க முடியாத வாதத்துக்கும், கொண்டைக்கடலையும் கறியுமா மாட்ரிட்ல போடுற கொசீதோ மாதிரி தின்னா எந்திரிக்க முடியாத சாப்பாட்டுக்கும். நாம 'பொட்டுல அடிச்ச மாதிரி'ங்கறோமே, கிட்டத்தட்ட அது.

அப்புறம் உறுதியாச் சொல்றதுக்கு ஸ்பானிஷ்ல இருக்கற மத்த வார்த்தைங்களையும் தேடினேன். தஹான்தே வெட்டறதுலேர்ந்து வந்தது, அதனால அது வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. ரோதுந்தோதான் படுத்திடுச்சு. லத்தீன்ல அது உருண்டை, உருண்டைக்கும் உறுதிக்கும் என்னய்யா சம்பந்தம்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுட்டு, டீக்கடையில பேப்பர் பாக்கறேன், யாரோ அமைச்சர் 'திட்டவட்டமாக' மறுத்திருக்கார். அட, நம்மகிட்டயும் உள்ள ஒரு வட்டம் உக்காந்திருக்கே! ஆனா ரோதுந்தோவை வெற்றி தோல்விக்கும் போடலாம், திட்டவட்டமான தோல்வின்னு நாம சொல்ல மாட்டோம். சுறுசுறுப்பா அதட்டி வேலை வாங்கற ஆளைச் சொல்ல எனெர்ஹிகோ, அரசாங்கங்கள் கண்டனம் தெரிவிக்கறதும் இதுலதான். ஃபோர்ஸூதோ சர்க்கஸ்ல குண்டு தூக்கற ஆளு, ஆபீஸ் மெயில்ல வேலையே இல்லை.

இதெல்லாம் படிச்ச திமிர்ல அடுத்த மூணு மாசம் எதுக்கெடுத்தாலும் கொன்துன்தென்தே. ஒருநாள் மேடம்கிட்டேர்ந்து மெயில், முதல் வரியிலயே 'இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வியொலென்தோவா இருக்கு'. வயலன்ஸா, வேலை போச்சுடான்னு கை நடுங்கிடுச்சு. டிக்‌ஷனரியைத் திறந்து பாத்தா ஸ்பெயின்ல அப்படிச் சொன்னா சங்கடமா இருக்குன்னு அர்த்தமாம். சங்கடம் என்னன்னா, ஒரே ரிப்போர்ட்ல பதினோரு கொன்துன்தென்தே இருந்திருக்கு.