யார் எதைப் பார்த்தார்கள்?

"தம்பி, யார் எந்த சைட்டுக்குப் போறாங்கன்னு இதுல தெரியுமா?" என்று, நான் எழுதிக் கொடுத்த புரோகிராமைக் காட்டி, மண்டபம் ஊரின் கணினி மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டார். "தெரியும்ண்ணே. வேணாம்னா நிறுத்தியும் வைக்கலாம்" என்றேன். இந்தப் பதிலைத்தான் இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மையத்தில் இருந்தது ஒரே இணைய இணைப்பு. யாராவது வீடியோ போட்டால், கடலுக்குப் போகிறவர்கள் பார்க்கும், மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் அலை முன்னறிவிப்புப் பக்கம் திறக்கவே திணறும். அதற்காகத்தான் பைத்தான் மொழியில், பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கையாள உதவும் அசிங்க்ஐஓ வைத்து, ஒரு ப்ராக்ஸி (கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று தகவலைக் கடத்தும் புரோகிராம்) எழுதினேன். போர்ட் எண் (இணைப்பு வந்து சேரும் வாசலின் எண்), தடுக்க வேண்டிய தளங்கள், லாக் (எந்தக் கணினி எந்தத் தளத்துக்குப் போனது என்ற பதிவு) வேண்டுமா வேண்டாமா, எல்லாம் ஐஎன்ஐ என்ற ஓர் அமைப்புக் கோப்பில். புரோகிராம் தெரியாதவரும் நோட்பேடில் திறந்து மாற்றிக்கொள்ளலாம். லாக்கை 'ஆஃப்' என்றுதான் வைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது 'ஆன்' ஆகியிருந்தது.

எச்டிடிபிஎஸ் (தகவலை மறையாக்கி அனுப்பும்) தளம் என்றால் உலாவி முதலில் 'கனெக்ட்' என்று தளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட்டையும் மட்டும் சொல்லும். அப்புறம் போவதும் வருவதும் மறையாக்கிய பைட்டுகள். ப்ராக்ஸி அப்படியே கடத்திவிடும். உள்ளே எந்தப் பக்கம், என்ன தேடினார்கள் என்பது தெரியாது. அண்ணனிடம் இதை விளக்கிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் ஆறுதலாக இருந்தது.

ஆனால் பெயர் போதாதா? குழந்தையின்மை சிகிச்சை மருத்துவமனை, நகைக்கடன், வரன் தேடும் தளம். லாக்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஐபி (வலையில் அதன் எண் முகவரி), எதில் யார் உட்கார்ந்தார் என்பதற்கு மையத்தின் நோட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் இல்லாத ஊர் இது. கடல்பாசி எடுக்கப் போய்வந்து சாயங்காலம் கணினி முன் உட்காரும் ஓர் அக்கா எதைப் பார்த்தாலும் அது அவர் விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மையம் அவர்களுடையது. வெளியிலிருந்து வந்த நான் எதை முடிவு செய்வது? ஐபியை விட்டுவிட்டு, தளத்தின் பெயரையும் போய்வந்த தகவலின் அளவையும் மட்டும் எழுதும் லாக்கும் சாத்தியம்தான். இணைப்பை எது தின்கிறது என்பது தெரியும், யார் என்பது தெரியாது. அப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் அவருக்குப் போதுமாக இருந்திருக்குமா, அவர் கையிலிருந்த முடிவை நான் பறித்ததாகியிருக்குமா?

இப்போது தொண்டிப் பக்கம் ஒரு மையத்துக்கும் இதையே கேட்கிறார்கள். ஐபி எழுதும் வரியை நீக்கினேன், திரும்பச் சேர்த்தேன். அங்கே பொறுப்பிலிருக்கும் அக்காவிடம் பேசிவிட்டுத்தான் கோப்பை அனுப்ப வேண்டும்.