செபோலியா பணக்காரன்

ஹட்டனில் நேற்று அடைமழை. சித்தி மகன் போனை நீட்டி, "அண்ணே, 2 ஈதர் வந்திருக்கு, த்ரீவீல் வாங்கப் போறேன்" என்றான். பார்த்தால் செபோலியா! ஈதர் என்ற டிஜிட்டல் நாணயம் ஓடும் எத்தீரியத்தின் சோதனை வலையமைப்பு. செயலி எழுதுகிறவர்கள் பிழை பார்ப்பதற்காக, ஃபாசெட் என்ற தளங்கள் அந்த ஈதரைச் சும்மா தருகின்றன. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதான வலையமைப்பின் ஈதருக்குத்தான் விலை உண்டு, அனுப்பும் கட்டணமும் அங்கேதான் நிஜக் காசு.

குழப்பம் எங்கே என்றால், இரண்டிலும் பணப்பை முகவரி ஒன்றேதான். எந்த வலையமைப்பு என்று காட்டும் சங்கிலி எண்தான் வேறு: பிரதானத்துக்கு 1, செபோலியாவுக்கு 11155111. (முன்பு கோர்லி என்ற இன்னொரு சோதனை வலையமைப்பின் ஈதரையே காசுக்கு விற்றார்கள், அது தனிக் கூத்து.)

"தப்பு பண்ணினாலும் ஒரு சதமும் போகாது, நல்லா பழகிக்கடா" என்றேன்.

பிளேன்டியைக் குடித்து முடித்தான். "சரி, அப்ப ஒரு 1000 ரூபா கடன் தாங்கண்ணே."