சர்க்கரை நோயாளியின் குளிர்காய்ச்சலும் சிறுநீரகத்தில் சேரும் வாயுவும்

சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வந்தால், உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரும் நீர்மோரும் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். வெறும் எரிச்சலோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அதே ஆளுக்கு உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிரோடு காய்ச்சல் வந்து, விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கத்தில் வலியும் வாந்தியும் சேர்ந்துகொண்டால், கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. என் அத்தைக்குச் சென்ற ஆண்டு வந்த நோயை அருகிலிருந்து பார்த்த பிறகு, இதைத் தெரிந்த மட்டும் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அத்தை கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. முதலில் நீர்க்கடுப்புதான் வந்தது. "சூடுதாண்டா, ரெண்டு இளநி குடிச்சா அடங்கிடும்" என்றார். பிறகு காய்ச்சல் வந்தது. ஊரிலிருந்த மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளில் இரண்டொரு நாள் போயின. முதுகு வலிக்கிறதா என்று கேட்டபோது லேசாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் காலையில் பேச்சு தடுமாறி, கூப்பிட்டால் கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மயங்கிவிடும் நிலையில்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, இரத்தத்தில் உப்பு, அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் என்னும் கழிவு, ஏறியிருந்தது. அல்ட்ராசவுண்டில் இடப்பக்கச் சிறுநீரகம் சரியாகத் தெரியவில்லை. குடலிலுள்ள வாயு மறைக்கிறதோ என்ற ஐயத்தில் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரக மருத்துவர் என்னைக் கணினித் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் முழுமையாகத் தெரிந்தது வலப்பக்கச் சிறுநீரகம். இடப்பக்கத்தில் அந்தச் சாம்பலுக்குள் கன்னங்கரேலென்று திட்டுத்திட்டாகவும் கோடு கோடாகவும் ஏதோ தெரிந்தது. "கறுப்பா இருக்கிறதெல்லாம் காற்று சார். சிறுநீரகத்துக்குள்ள காற்று இருக்கவே கூடாது" என்றார்.

இந்த நோய்க்கு எம்ஃபைசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்று பெயர். சிறுநீரகத்தில் வாயு சேரும் தொற்றைப் பற்றி 1898-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கெல்லி, மக்கல்லம் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். இன்றைய பெயரை ஷுல்ட்ஸ், கிளோர்ஃபைன் ஆகியோர் 1962-இல் முன்வைத்தனர். நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோய் உள்ளவர்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. சாதாரண நீர்க்கடுப்பை உண்டாக்கும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளே இதற்கும் காரணம். வெளியிலிருந்து புதிதாக எந்தக் கொடிய கிருமியும் வருவதில்லை. திசுக்களில் சர்க்கரை மிகுந்து கிடக்க, இரத்த ஓட்டம் குறைந்து, எதிர்ப்பாற்றலும் தளர்ந்திருக்கும்போது அக்கிருமிகள் சர்க்கரையை நொதிக்கச் செய்து கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை வெளியிடுகின்றன. தோசை மாவு இரவில் புளித்துப் பொங்குவதற்கு ஒப்பான வினைதான், உயிருள்ள ஓர் உறுப்புக்குள் நடக்கிறது. வாயு அழுத்த அழுத்தச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, அந்தப் பகுதித் திசு இறந்துபோகிறது.

அத்தைக்கு வலி ஏன் லேசாகத் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். பல ஆண்டுச் சர்க்கரை நோய் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்வது போலவே உள்ளுறுப்புகளின் நரம்புகளையும் கெடுக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஆகவே மற்றவர்கள் துடித்துப்போகும் வலி இவர்களுக்கு மந்தமாகவே உணரப்படலாம். சிறுநீர்ப்பையின் நரம்புகள் கெடும்போது சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கி, கிருமிகள் பெருக இடமாகிறது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமும் சோர்வும் மட்டும் முதல் அறிகுறியாக வருவதுண்டு. "வலி பொறுக்கும்படியாகத்தானே இருக்கிறது" என்பதை வைத்து நோயின் கனத்தை அளக்கவே கூடாது. வீட்டிலுள்ளவர்கள் மனத்தில் பதியவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது என்று உறுதியாக நினைக்கிறேன்.

தைவானைச் சேர்ந்த ஹுவாங், ட்செங் என்ற மருத்துவர்கள் 48 நோயாளிகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை இன்றும் மருத்துவர்கள் அடிப்படையாகக் கொள்கிறார்கள். வாயு சிறுநீர் சேரும் குழிக்குள் மட்டும் இருக்கிறதா, சிறுநீரகத் திசுவுக்குள் பரவிவிட்டதா, உறையைத் தாண்டி வெளியே வந்துவிட்டதா, இரண்டு சிறுநீரகங்களிலும் இருக்கிறதா என்று நான்கு நிலைகளாக அவர்கள் பிரித்தார்கள். உயிருக்கு ஆபத்து மிகுதி என்று காட்டும் நான்கு குறிகளையும் சொன்னார்கள்: இரத்தத் தட்டணுக்கள் குறைதல், சிறுநீரகம் திடீரெனச் செயலிழத்தல், நினைவு தடுமாறுதல், இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போதல். அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தனர். அத்தைக்கு அந்தக் குறிகளில் ஒன்றுக்கு மேல் இருந்தது. டெங்கு காலத்தில் தட்டணு எண்ணிக்கையை மணிக்கொரு தரம் விசாரிக்கும் நாம், சிறுநீர்த் தொற்றிலும் அந்த எண்ணுக்கு இவ்வளவு பொருள் உண்டு என்பதை அறிந்திருக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் அந்தச் சிறுநீரகத்தையே அறுவை செய்து எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் வழியாக இருந்தது. அதிர்ச்சி நிலையிலிருக்கும் நோயாளிக்கு அவ்வளவு பெரிய அறுவையும் ஆபத்துதான். இப்போது முதலில் இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தி, இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே, முதுகு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சீழையும் வாயுவையும் வெளியேற்றுகிறார்கள். உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் சீழுக்குப் போக்கிடம் தராமல் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் பல சமயம் பலன் கிடைக்காது. இவையெல்லாம் செய்தும் தேறாதபோதுதான் சிறுநீரகத்தை எடுக்கும் முடிவுக்கு வருகிறார்கள்.

அத்தைக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, ஸ்கேன் கருவியின் துணையோடு குழாயைச் செலுத்தினார்கள். குழாயின் மறுமுனையிலிருந்த பையில் முதலில் சில குமிழிகளும், பின்பு கெட்டியான, காபி டிக்காக்ஷனில் சிறிது பால் விட்டாற்போன்ற நிறத்தில் சீழும் இறங்கின. நாற்றம் அறையை விட்டு வெளியே வந்தது. செவிலியர் ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பையின் அளவைக் குறித்துக்கொண்டு, ஊசியில் உப்புநீரை எடுத்துக் குழாய் அடைபடாதபடி மெதுவாக அலசிவிடுவார். படுக்கையில் புரளும்போது குழாய் இழுபடாமலிருக்க இடுப்பில் பிளாஸ்திரியால் அதை வளைத்து ஒட்டியிருந்த விதத்தை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். பைக்குள் இறங்குவது சிறிது சிறிதாக மஞ்சளாகி, பின்பு சிறுநீரைப் போலவே தெளிந்தது. உப்பு இறங்கியது, தட்டணு ஏறியது. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். நல்ல வேளையாக அதற்கு அவசியம் வரவில்லை.

மருந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசிக்கு முன்பே சிறுநீரையும் இரத்தத்தையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்துவிட வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது இரண்டு மூன்று நாட்களில் அதில்தான் தெரியவரும். கையில் கிடைத்த மாத்திரையை அரைகுறையாகப் போட்டுக்கொண்டு வருபவருக்குக் கல்ச்சரில் ஒன்றுமே வளராமல் போகலாம். நம் நாட்டில் ஈ. கோலை பல மருந்துகளுக்கு மசிவதில்லை என்பதால் மெரோபெனம் போன்ற உயர்நிலை ஊசிகளைத் தொடக்கத்திலேயே கொடுக்கும்படி ஆகிறது. நீர்க்கடுப்புக்கு நன்றாகக் கேட்கும் நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரில்தான் செறிந்து நிற்கும். சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு போய்ச் சேராது, ஆகவே குளிர்காய்ச்சல் வந்தவருக்கு அது போதாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளோ அவற்றின் ஊசியோ, ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளையும் இத்தகைய நேரத்தில் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும் என்பதால், நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

வாயு சேராத தொற்றும் வேறு விதங்களில் முற்றுவதுண்டு. சிறுநீர்க்குழாயில் கல் அடைத்திருக்கும்போது தொற்று வந்தால் சிறுநீரகம் முழுவதும் சீழ்ப் பையாக மாறிவிடும். அப்போது குழாய் வைத்து அடைப்பை நீக்குவது இரவோடு இரவாகச் செய்ய வேண்டிய காரியம். சிறுநீரகத்துக்குள்ளோ அதைச் சுற்றிலுமோ சீழ்க்கட்டி உருவாகலாம். சிறுநீரகத்தின் உள்முனைத் திசுக்கள் இறந்து உதிர்ந்து, அந்தத் துணுக்குகளே வழியை அடைப்பதும் உண்டு. பெரிய கல்லோடு நெடுநாள் தொற்று நீடித்தால், ஸ்கேனில் புற்றுநோயோ என்று மயங்கும்படி சிறுநீரகம் உருமாறிப்போகும். மருந்து தொடங்கி 72 மணி நேரமாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் உள்ளே அடைப்போ கட்டியோ இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது முறை. சர்க்கரை நோயாளிக்கு அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருப்பை அழுத்துவதாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் சிறுநீர்க்குழாய்கள் தளர்ந்து விரிவதால் தொற்று எளிதில் மேலேறுகிறது. குறைமாதப் பிரசவத்துக்கும் அது காரணமாகலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத கர்ப்பிணிக்கும் தொடக்க மாதங்களில் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. என் அத்தையின் தெருவுக்கும் ஒரு பெண் தன்னார்வலர் வருகிறார். மாத்திரையைக் கொடுக்கும்போதே "சிறுநீர் எரிகிறதா, குளிர்காய்ச்சல் உண்டா, விலாப் பக்கம் வலிக்கிறதா" என்ற மூன்று கேள்விகளையும் அவர் கேட்டால், ஆம் என்பவரை அன்றே அனுப்பிவைத்தால், எத்தனையோ சிறுநீரகங்களைக் காப்பாற்றலாம் என்று தோன்றுகிறது. மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் பெண்கள் தெரிந்த பெண்ணிடம் இதைச் சொல்வார்கள்.

வீடு திரும்பும்போது அத்தையின் முதுகிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, உள்ளே சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்து அனுப்பினார்கள். அது வெளியே தெரியாது. அதனாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன்மேல் கல் படிந்து, மறுபடியும் அடைப்பும் தொற்றும் வரும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதியில் போய் எடுத்துவிட்டோம். கிரியாட்டினினை இப்போதும் குறித்த இடைவெளியில் பார்த்துவருகிறோம். முதல் தொற்றின் கல்ச்சர் முடிவை நகலெடுத்து அத்தையின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம், எந்த ஊரில் எந்த மருத்துவர் பார்த்தாலும் எந்த மருந்து கேட்கும் என்பது அவருக்கு உடனே தெரியவேண்டும் என்பதற்காக.