விடுமுறை நாட்குறிப்பு: அனுப்பானடி, மதுரை, 2025

ஜூன் 14, சனி

இன்று நீட் முடிவு வந்தது. பெரியம்மா மகளுக்கு நல்ல மார்க். தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஜாங்கிரியோடு கேள்வியும் வந்தது: "நீ எப்பத்தா டாக்டருக்கு எழுதப் போற?"

வேல்ஸில் அட்லாண்டிக் பள்ளியில் முதல் வருடம் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். பல நாடுகளில் பள்ளி நடத்தும் யு.டபிள்யு.சி. அமைப்பின் பள்ளி அது. முழு உதவித்தொகை, விடுதி வாசம். அங்கே பிளஸ் டூ மாதிரி ஐ.பி. டிப்ளமோ, அதற்கு ஆறு பாடம். நான் எடுத்தது தமிழ், ஆங்கிலம், புவியியல், வேதியியல், உயிரியல், கணிதம். இயற்பியல் இல்லை, அதனால் நீட் பேச்சுக்கே இப்போது இடமில்லை. மருத்துவம்தான் என்று முடிவோடு வருகிறவர்கள் தனி அனுமதி கேட்டு மூன்று அறிவியலையும் எடுக்கிறார்கள். நான் கேட்கவில்லை. இதையெல்லாம் ஜாங்கிரி நேரத்தில் எங்கே விளக்குவது? "பாக்கலாம் பெரியம்மா" என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

பார்வைக்கு அர்த்தம் இன்று ராத்திரி தெரிந்தது. கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர் அப்பா. எதையும் வரவு, செலவு என்று பிரித்துத்தான் கேட்பார். "டாக்டர் இல்ல. சரி. அப்ப என்ன?"

"தண்ணி சம்பந்தமான படிப்புப்பா."

"குழாய் வேலையா?" இது அம்மா.

சிரித்துவிட்டோம். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உறுத்தல்தான். உதவித்தொகை வாங்கிப் போன பிள்ளை, போகும்போது சொன்ன ஆசையையே திரும்பி வரும்போதும் சொல்ல வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. நேர்காணலில் டாக்டர் என்று சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. மார்க் எடுக்கிற பெண்ணுக்கு எங்கள் தெருவில் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒரு வருடம் வேறு ஊரில் படிக்க வைத்தும் ஆசை கொஞ்சமும் மாறவில்லை என்றால், அனுப்பியதில்தான் என்ன பிரயோஜனம்?

எனக்கு மாறியது கடலால். பள்ளி இருப்பது செயின்ட் டோனட்ஸ் கோட்டையில், பிரிஸ்டல் கால்வாய்க் கரையில். கால்வாய் என்று பெயர், ஆனால் கடல். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சில நாட்களில் 10 மீட்டரைத் தாண்டும். மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் வந்து, அதே நாளில் வடிந்து, வெறும் பாறையாகக் கிடக்கும். 1962-ல் பள்ளி தொடங்கிய காலத்தில் கடல் மீட்பும் மாணவர் வேலையாக இருந்தது. அடி கெட்டியாக, ஓரம் காற்றடைத்த மீட்புப் படகை 1960-களில் அங்கேதான் உருவாக்கினார்கள். அதன் உரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு 1 பவுண்டுக்குக் கொடுத்தார்களாம். அப்பாவிடம் சொன்னேன். "ஒரு பவுண்டுக்கு ஏன் பில்லு போடணும், சும்மாவே குடுத்திருக்கலாமே" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

டிப்ளமோவுக்கு 4,000 வார்த்தை ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. என்னுடையது புவியியலில்: தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வைகைத் தண்ணீர் தன் சரிவிலேயே ஓடி வந்து நிரம்பியது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளத்துக்குள் கிரிக்கெட் ஆடினார்கள், மைய மண்டபத்துக்கு நடந்தே போவோம். பிறகு பனையூர் கால்வாயைச் சரி செய்ததும் மறுபடி தண்ணீர் வந்தது.

காலை ஆறு மணிக்கே தம்பி டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு கால்வாய் ஓரமாக நடந்தேன். ஒரு பாலத்தடியில் சிமெண்டு ஓரம் வரை தெர்மோகோல், டீ கப், ஒற்றைச் செருப்பு, யாரோ பூஜை முடித்துப் போட்ட மாலை. அதன் கீழே கை அகலத்துக்குத் தண்ணீர் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பாட்டி குடத்தோடு நின்று, "சர்வேயா? பட்டா ஏதும் குடுப்பாகளா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, ஸ்கூல் வேலை என்றதும் ஆர்வம் போய்விட்டது.

ஜூன் 27, வெள்ளி

நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஏசி சுகம், அதை மறைப்பானேன். தமிழ்ப் பாடத்துக்கு எங்கள் பள்ளியில் ஆசிரியர் கிடையாது. தானே படிக்கும் ஏற்பாடு. மொத்தம் 9 நூல், அதில் குறைந்தது மூன்று நூல் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். வேல்ஸ் மழையில் தனியாகத் தமிழ் படிப்பது ஒரு மாதிரிதான் இருக்கும். நான்கு நாட்டுப் பிள்ளைகள் உள்ள அறையில் வாய்விட்டு வாசித்தால், என்ன பாட்டு என்று கேட்பார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

சீனியர்களுக்கு ஐ.பி. முடிவு. மொத்தம் 45, தேறுவதற்கே 24 வேண்டும். எஸ்வாட்டினியிலிருந்து வந்த என் அறைத்தோழி பாஸ். சட்டம் படிக்கப் போகிறேன் என்று வந்தவள் இப்போது மண்ணியல் படிக்க அமெரிக்கா போகிறாள், டேவிஸ் உதவித்தொகையில். இந்தப் பள்ளிகளில் முடித்தவர்களுக்காக 2000-ல் தொடங்கிய திட்டம் அது. அப்பாவிடம் காட்டினேன். "அந்தப் பிள்ளைய அவுங்க வீட்ல ஒண்ணும் சொல்லலையா?" சொன்னார்களாம், நிறைய. அப்பாவுக்கு அது ஆறுதலாக இருந்தது போலும்.

ஜூலை 12, சனி

பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். பத்தாம் வகுப்பு, மாநகராட்சிப் பள்ளி. அவனும் விண்ணப்பிக்க வேண்டுமாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவித்தொகை, அதனால் பணத்தை நினைத்துப் பயப்படாதே என்றேன். பயப்பட வேண்டியது நேர்காணலுக்கு. ஆங்கிலத்தில் தயங்காமல் பேசிப் பழகிய பிள்ளைகளோடு உட்கார வேண்டும். புத்தியில் குறைவில்லாத எத்தனையோ பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், அது நியாயமில்லைதான். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் என்னோடு பேசு, தப்பானாலும் பேசு என்றேன்.

"என்ன ஆகப் போறேன்னு கேட்டா என்னக்கா சொல்றது?"

"இப்ப என்ன தோணுதோ அத."

பாஸ்போர்ட் இல்லை அவனிடம். முதலில் அது. வருமானச் சான்றிதழுக்குத் திங்கட்கிழமை இ-சேவை மையம் போகிறோம்; ஒன்பது மணிக்கு மேல் போனால் கூட்டம்.