சதுரத்துக்குள் ஒரு தமிழ்ப் பெயர்

ஐந்து பேர் கொண்ட எங்கள் இசைக்குழு மூன்று பாடல்களை ஒரு சிறு தொகுப்பாக வெளியிட்டது. அட்டைப்படம், நிழற்படங்கள், காணொளி, சுவரொட்டி, செய்தியாளர்களுக்கான கோப்பு என எல்லாவற்றையும் ஆறு வாரத்தில் முடித்தோம். சிங்கப்பூரிலிருந்து தமிழில் பாட்டு வெளியிடப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறோம். செய்த வரிசையில் அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசையில்.

முதலில் பெயர். பெரும்பாலான குழுக்கள் படப்பிடிப்பில்தான் தொடங்குகின்றன, நாங்களும் அப்படித்தான். படம் நன்றாக வந்தது, ஆனால் அதில் பெயர் வைக்க இடமே இல்லை. தமிழ் எழுத்து ஒரே கோட்டில் அடங்குவதில்லை. மேலே புள்ளியும் இகர விலங்கும், கீழே உகரக் கீற்றும், பக்கத்தில் கொம்பும் காலும் இடம் கேட்கும். ஆகவே குழுவின் பெயரையும் தொகுப்பின் பெயரையும் எழுதி முடித்துவிட்டு, அந்த வடிவம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே கேமராவைத் தொடுங்கள்.

இசைத்தட்டுக் காலத்தில் உறை என்பது 12 அங்குலச் சதுரம். இன்று அதே உறை கைப்பேசியின் பாடல் பட்டியலில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அங்கே படிக்க முடியாத பெயர் பெரிய சுவரொட்டியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது. எழுதிய பெயரை 64 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, கைப்பேசியில் போட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் மறைவது புள்ளி. அடுத்து மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டும் ஒரே கறையாகிவிடும். ‘மண்ணின்’ போன்ற சொல்லை மிகத் தடித்த எழுத்துருவில் போட்டால் சுழிகளின் உள்வெளி அடைபட்டுப் போகும். நடுத்தரத் தடிமனுக்கு இறங்கி, புள்ளியை மட்டும் கையால் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தோம். பிறகு 64 பிக்சலிலும் பெயர் நின்றது.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலப் பெயர்களுக்கு அழகாக இருக்கும். தமிழில் அப்படியே செய்தால் ‘கொ’ என்ற ஓரெழுத்து, கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக மூன்று துண்டாகிவிடும். கால், ரகரம் போலவே தெரியும். கண் பழகிய வடிவமைப்பாளர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. காரணம், அவர்களில் பலர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். இடைவெளி வேண்டுமென்றால் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி, ஒவ்வொரு உயிர்மெய்யையும் ஒரே குழுவாகக் கட்டி, அந்தக் குழுக்களை நகர்த்துங்கள்.

கூகுள் தளத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி ஆகியவை திறந்த உரிமம் உள்ளவை. அட்டையில், சட்டையில், விளம்பரத்தில் எதிலும் பயன்படுத்தலாம். ‘சொந்தப் பயனுக்கு மட்டும்’ என்று இலவசமாகத் தரப்படும் எழுத்துருக்களை விற்பனைப் பொருளில் போடக் கூடாது. நாங்கள் எழுத்துருவை அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, தலைப்பைத் தூரிகையால் எழுதி, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, கோட்டு வடிவமாக்கினோம். முகம் கொடுத்தது அந்த எழுத்துதான். படம் நாளைக்கு மாறலாம், எழுத்து அடுத்த தொகுப்புக்கும் வரும்.

மென்பொருள் விஷயம் ஒன்று. இல்லஸ்ட்ரேட்டரிலும் ஃபோட்டோஷாப்பிலும் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்காவிட்டால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி இடம் மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத் தேர்வுகளில் ‘டைப்’ பகுதிக்குள் ‘இண்டிக்’ வசதிகளைக் காட்டச் சொல்லிவிட்டு, பத்திப் பலகத்தில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். முன்பே தட்டச்சு செய்த பத்தி தானாகத் திருந்தாது, அதைத் தேர்ந்தெடுத்து மீண்டும் மாற்ற வேண்டும். காணொளி மென்பொருள் சிலவற்றில் இந்த வழியும் கிடையாது. அங்கே பாடல் வரிகளைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களாகச் செய்து மேலே வைப்பதே பத்திரம். செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்து தரும் தமிழ் எழுத்தை நம்பவே வேண்டாம். தூரத்தில் தமிழ் மாதிரி இருக்கும், அருகில் போனால் எழுத்தே இருக்காது.

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே ஒன்றாக முடிவு செய்யுங்கள். ஒரு பாட்டில் ஒற்றை ‘ஏ’, இன்னொன்றில் இரட்டை ‘ஏ’ என்று பதிவேற்றினால், ஸ்பாட்டிஃபையில் இரண்டு கலைஞர் பக்கங்கள் முளைத்துவிடும். சேர்த்துவைக்க, பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

அட்டை 3000க்கு 3000 பிக்சல், திரைக்கான ஆர்ஜிபி வண்ணம், ஜேபெக் அல்லது பிஎன்ஜி. இணைய முகவரி, சமூக ஊடகப் பெயர், விலை, பிற நிறுவனங்களின் சின்னம் எதுவும் அட்டையில் இருக்கக் கூடாது. அட்டையில் உள்ள பெயரும் பதிவேற்றும்போது கொடுக்கும் பெயரும் ஒத்திருக்க வேண்டும். சிராங்கூன் சாலையில் எடுத்த படம் என்றால் பின்னணிக் கடைப் பலகைகளையும் ஒருவர் அணிந்திருக்கும் சட்டையின் முத்திரையையும் பெரிதாக்கிப் பாருங்கள், அட்டை திரும்பி வர அவையும் காரணமாகலாம். வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்னதாகப் பதிவேற்றினால் திருத்தி அனுப்ப நேரம் இருக்கும். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும், அட்டைச் சிக்கலில் அந்த நாட்களை இழந்துவிடாதீர்கள்.

இனிப் படப்பிடிப்பு. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறோம். காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயில் உச்சந்தலையில் விழுந்து, கண்குழிகள் கறுத்துப்போகும். ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பதும் மறைவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கு என்பதால், காலை 7.30 முதல் 9 வரை, மாலை 5.30 முதல் 7 வரை என்று திட்டமிடலாம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை எடுத்து வெளியே போனதும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட வேண்டும். துடைத்துத் துடைத்து எடுத்த படங்கள் மங்கலாகத்தான் வரும்.

தோல் நிறத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். கைப்பேசியும் பல திருத்தச் செயலிகளும் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்குகின்றன. எங்கள் ஐவரின் நிறமும் ஐந்து விதம், அது அப்படியே தெரிய வேண்டும் என்று திருத்துபவரிடம் எழுத்தில் கொடுத்தோம். கரிய தோலுக்கு வேண்டியது கூடுதல் வெளிச்சம் அல்ல, பெரிய வெளிச்சம். முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும். வெளிச்சத்தைப் பரப்பும், ஒரு மீட்டருக்குக் குறையாத மென்திரையைப் பக்கவாட்டில் 45 பாகையில் வைத்து, மறுபக்கம் வெள்ளை அட்டை பிடித்தால் கன்னத்தின் வடிவம் தெரியும். வெள்ளை வேட்டி, சரிகைப் பட்டு இரண்டும் தனிச் சிக்கல். முகத்துக்கு வெளிச்சம் அளந்தால் வேட்டியின் மடிப்பெல்லாம் அழிந்துவிடும். வேட்டிக்கு அளந்து, முகத்தை வெள்ளை அட்டையால் தூக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் சாம்பல் அட்டை பிடித்து ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னால் நிறம் சரிசெய்வது எளிது.

வாத்தியம் இருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பவே கூடாது. மிருதங்கத்தின் கறுப்பு வட்டமான கரணை வலப்பக்கமும் மறுமுகமான தொப்பி இடப்பக்கமும் இருப்பது திரும்பிவிட்டால், வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். ரசிகர்கள் நொடியில் கண்டுபிடிப்பார்கள். கைப்பேசியின் முன்பக்கக் கேமரா சில அமைப்புகளில் தானாகவே திருப்பிச் சேமிக்கும், கவனம். நாதசுரம் சதுரத்துக்குள் நேராக அடங்காது, மூலைவிட்டமாகச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேமரா நிற்கும் முக்காலியை நகர்த்தாமல் ஒவ்வொரு காட்சியையும் சதுரம், நெடுக்கு, அகலம் என்று மூன்றுமுறை எடுத்தோம். ஸ்பாட்டிஃபை பக்கத் தலைப்புக்கு 2660க்கு 1140, யூடியூப் தலைப்புக்கு 2560க்கு 1440, இன்ஸ்டகிராம் பதிவுக்கு 1080க்கு 1350. ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் வெட்டினால் எங்காவது ஒருவர் தலை போகும். யூடியூப் தலைப்பில் எல்லாச் சாதனங்களிலும் தெரிவது நடுவிலுள்ள 1546க்கு 423 பட்டை மட்டும், முகமும் பெயரும் அதற்குள் இருக்க வேண்டும். காணொளியின் முகப்புப் படத்தில் வலது கீழ்மூலையில் நேரக் குறிப்பு வந்து உட்காரும், அங்கே எழுத்து வைக்காதீர்கள்.

படத்தின் உரிமை பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படமானாலும் காணொளியானாலும், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முதல் உரிமையாளர் எடுத்தவரே. அவர் பெயரைக் குறிப்பிடும் கடமையும் உண்டு. எங்கள் ஒரு பக்க ஒப்பந்தத்தில் எழுதியவை: அட்டை, இணையம், அச்சு, விற்பனைச் சட்டை, விளம்பரம் எவற்றில் பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டுக்கு, வெட்டவும் மேலே எழுதவும் அனுமதி உண்டா, அவர் பெயரை எப்படி எழுதுவது. நண்பர்தானே என்று விட்டுவிட்டால், சட்டை அச்சிடும் நாளில் சங்கடம் வரும்.

காணொளியை ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்தோம். அதற்கு அந்த வட்டார நகர மன்றத்திடமும், பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடமும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிட முடியாது. விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் 200 அடிக்கு மேலும் தனி அனுமதி வேண்டும். சிங்கப்பூர் வரைபடத்தில் அந்த வட்டங்களைப் போட்டுப் பார்த்ததும் டிரோன் எண்ணத்தைக் கைவிட்டோம். கீழ்த்தள விளக்குகளின் கீழ் முதலில் எடுத்த காட்சிகளில் பட்டை பட்டையாக மின்னல் ஓடியது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசியோ வினாடிக்கு 30 படம், 60இல் ஒரு பங்கு ஷட்டரில் நின்றிருந்தது. வினாடிக்கு 25 படம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று மாற்றியதும் நின்றுவிட்டது.

பாட்டு ஓடும்போது ஸ்பாட்டிஃபையில் பின்னால் சுழலும் நெடுக்குக் காட்சி 3 முதல் 8 வினாடிதான். அதில் பாடும் வாயைக் காட்டாதீர்கள், ஓடும் பாட்டோடு உதடு ஒட்டாது. தூரிகை எழுத்து உருவாகும் காட்சியை வைத்தோம். இன்ஸ்டகிராம் ரீல்ஸ் காணொளியில் கீழே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பொத்தான்களும் விளக்கமும் மறைக்கும், பாடல் வரி அதற்கு மேலேயே நிற்கட்டும்.

சுவரொட்டி ஏ3, 300 டிபிஐ, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு (பிளீட்), அச்சுக்கான சிஎம்ஒய்கே வண்ணம். திரையில் பளிச்சென்ற நீலமும் இளஞ்சிவப்பும் அச்சில் மங்கும், ஒரு தாள் மாதிரி அச்சடித்துப் பார்க்காமல் நூறு தாளுக்குச் சொல்லாதீர்கள். எங்கள் முதல் அச்சில் ஓர் அச்சகத்தின் கணினியில் எழுத்துரு இல்லாததால் நிகழ்ச்சி விவரம் முழுவதும் கொம்பு தவறி வந்தது. தலைப்பைக் கோட்டு வடிவமாக்கியிருந்தோம், கீழே உள்ள சிறிய எழுத்தை மறந்துவிட்டோம். எல்லா எழுத்தையும் மாற்றிய பிடிஎஃப் மட்டுமே வெளியே போக வேண்டும், திருத்தக்கூடிய மூலக்கோப்பு வேறாக வீட்டில் இருக்கட்டும். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் பெற்றிருந்தால் அதன் சின்னத்துக்கும் கீழே ஒரு பட்டை ஒதுக்குங்கள்.

கடைசியாக, தமிழ் முரசு நாளிதழ், வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி, விழா ஏற்பாட்டாளர்கள் ஆகியோருக்கான கோப்பு. 50 சொல்லில் ஒன்று, 150 சொல்லில் ஒன்று என்று குழுவின் அறிமுகம் தமிழிலும் ஆங்கிலத்திலும், அகலப் படம் ஒன்று, நெடுக்குப் படம் ஒன்று, இரண்டிலும் எழுத்து எதுவும் இல்லாமல், அட்டை, பாட்டின் இணைப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். கூடவே ஓர் உரைக் கோப்பில் படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, அவரவர் எழுதும் தமிழ் எழுத்துக்கூட்டலில், வாத்தியத்தோடும் படம் எடுத்தவர் பெயரோடும் யுனிகோடில் தட்டச்சு செய்து வையுங்கள். செய்தி அறையில் இருப்பவர் இரவு எட்டு மணிக்கு அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார்.