லைட் போட்டால் கூடும் சத்தம்

ஒட்டன்சத்திரத்தில் மெக்கானிக் கடை வைத்திருப்பவனுக்குச் சோறு போடுவது காய்கறிதான். மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் பிக்கப் வண்டிகள் ராத்திரியெல்லாம் ஓடும். காய் அழுகிவிடும் என்பதால் வண்டியை நிறுத்திப் போடவும் முடியாது. அதனால் சத்தம் கேட்ட அன்றைக்கே எந்த டிரைவரும் வரமாட்டார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நாலு ட்ரிப் ஓட்டிவிட்டுத்தான் வருவார்.

அந்தத் தம்பியும் அப்படித்தான் வந்தார். முப்பது வயது இருக்கும், வண்டி சொந்த வண்டி, டியூ இன்னும் முடியவில்லை. “அண்ணே, உள்ள யாரோ உக்காந்து சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி இருக்குண்ணே” என்றார். பானெட்டைத் தூக்கினேன். ஐட்லிங்கில் டக் டக் டக் என்று கனமான அடி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கின் அடிப்பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். மண்டைக்குள் அடிப்பது போல இருந்தது. சரி, பிஸ்டன் தண்டு கிராங்க் என்ற சுழல்தண்டில் மாட்டும் இடத்து பிக் எண்ட் பேரிங் போய்விட்டது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சொன்னது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

“இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி, அந்த சம்ப்பைக் கழற்றிப் பார்க்கணும் தம்பி. கிராங்க் அடி வாங்கியிருந்தா இன்ஜின் இறக்கணும். ஐம்பதாயிரத்தைத் தொடும்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்து போனை எடுத்து யாருக்கோ பேசினார். பேசி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணே, இன்னொண்ணு. ராத்திரி லைட் போட்டா சத்தம் கூடுதுண்ணே.”

நான் சிரித்துவிட்டேன். கடைப் பையனும் சிரித்தான். “லைட்டுக்கும் பேரிங்குக்கும் என்னப்பா சம்பந்தம்? ராத்திரியில ரோடு அமைதியா இருக்கும், அதான் பெருசாக் கேக்குது” என்று விளக்கமும் கொடுத்தேன். கேட்டால் சரியாகத்தான் தோன்றும். தப்பான விளக்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சம்ப்பைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்தேன். பேரிங் அடி என்றால், அந்த சிலிண்டரில் டீசல் எரியாமல் நிறுத்தினால் அடி குறையும். பிஸ்டனை அழுத்தும் வெடிப்பு இல்லையே. என் வாத்தியார் காலத்து வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப் நட்டை ஸ்பேனரால் லேசாகத் தளர்த்திவிட்டே இதைப் பார்ப்போம். கையில் டீசல் வழியும், துடைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. லாரி டயரில் இருப்பது 8 பார் அழுத்தம். இந்த ரெயிலிலோ ஐட்லிங்கிலேயே 250 பார் அளவுக்கு இருக்கும், மிதித்தால் 1,600 பார் வரை ஏறும். ஊசி போல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். இதைப் பையனுக்கு மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். அதனால் பைப்பைத் தொடாமல், இன்ஜினை அணைத்து அணைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டை மட்டும் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தோம்.

நாலில் எதைப் பிடுங்கினாலும் அடி குறையவில்லை.

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ‘ரெண்டு பேரிங் சேர்ந்து போயிருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தேன். பேரிங் தேய்ந்தால் ஆயிலில் மினுமினுப்பு தெரியும். காந்தத்தை வைத்துத் தேடிப் பயனில்லை, பேரிங் தகடான ஷெல்லின் மேல்பூச்சு காந்தத்தில் ஒட்டாத உலோகம். துணியில் கருப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போதும் விடவில்லை. சம்ப்பை இறக்கி, மல்லாந்து படுத்து, பேரிங்கை மூடியிருக்கும் நாலு கேப்பையும் கழற்றினேன். ஷெல்கள் சாம்பல் நிறத்தில், ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தன. இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்.

ஒரு பகல் போனது. திரும்பப் பூட்டி, சிலிக்கான் தடவி சம்ப்பை ஏற்றி, காயட்டும் என்று விட்டோம். மறுநாள் வேறு வேலைகள் வந்து விழுந்தன. சாயங்காலம்தான் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். டக் டக் டக். அதே அடி.

இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்குவதற்காகப் பையன் உள்ளே கைவிட்டு ஹெட்லைட்டைப் போட்டான். போட்டவன் அப்படியே நின்றான்.

“அண்ணே. கூடுதுல்ல?”

அணைக்கச் சொன்னேன். குறைந்தது. மறுபடி போடச் சொன்னேன். கூடியது.

லைட் போட்டால் ஆல்டர்னேட்டர் கூடுதலாகக் கரண்ட் தர வேண்டும். அது சுற்றக் கடினமாகும். அதைச் சுற்றுவது பெல்ட், பெல்ட்டை இழுப்பது கிராங்க் புல்லி. சம்பந்தம் இவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துத் தேடியது, முன்பக்கம் நின்றால் முழங்கால் உயரத்தில் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்த்தேன். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதிகம் விடக் கூடாது. சத்தம் பாதியாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஆல்டர்னேட்டரில் கோளாறு என்றால் முழுசாக நின்றிருக்கும். கையால் சுற்றிப் பார்த்தேன், பேரிங் வழவழவென்று இருந்தது.

புல்லி பார்க்க ஒரே இரும்பு போலத் தெரிந்தாலும் இரண்டு துண்டு. நடுவில் கிராங்கில் மாட்டும் பகுதி, வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டிய ரப்பர். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 26 வெடிப்புக்கு மேல் வரும். ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கித் திரும்பும். அந்தத் துடிப்பை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் தளர்ந்து அடிக்கும். அடி கிராங்க் வழியாக பிளாக் முழுக்கப் பரவும், ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தாலும் கேட்கும். காதைக் குறை சொல்ல முடியாது. அது கேட்டதைத்தான் சொன்னது.

பெல்ட்டை மாட்டினேன். சாக்பீஸை எடுத்து, நடுப்பகுதியிலிருந்து வெளி வளையம் வரை ஒரே நேர்கோடாகக் கிழித்தேன். லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டி அணைத்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு இரண்டாக உடைந்திருந்தது. வெளிக்கோடு உள்கோட்டிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி நின்றது. இடுக்கில் விரலை வைத்தேன். ஈரமும் பிசுக்குமாக ரப்பர்த் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. முன் ஆயில் சீல் கசிந்து ரப்பரை ஊறவைத்திருக்கிறது.

புது புல்லி, புது சீல், புது போல்ட். பழைய போல்ட் ஒரு தடவை இழுபட்டது, அதையே திரும்பப் போடும் ஆள் நான் இல்லை. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முடிந்தது. பில் எழுதும்போதுதான் கை நின்றது. சம்ப் இறக்கிய கூலியை எழுதவில்லை. ஆயிலுக்கு மட்டும் காசு எழுதினேன். அடுத்த மாதம் எப்படியும் மாற்ற வேண்டிய ஆயில்தான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

தம்பி வந்தார். புல்லியைக் கையில் கொடுத்து, வளையத்தை ஆட்டிக் காட்டி, “நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல” என்றேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். பதில் சொல்லவில்லை. வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

“லைட்டப் போட்டுப் பாக்கட்டுமாண்ணே?”

உச்சி வெயிலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று பேரும் இன்ஜினைக் கேட்டபடி நின்றோம்.