பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் ரொஹிங்கியா அகதி முகாம்களுக்குப் பொருள் அனுப்பும் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. சிங்கப்பூர் ஜூரோங் கிடங்கில் சரக்கோடு மல்லுக்கட்டிய அனுபவம்தான் கைகொடுத்தது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் ‘சேவை மனப்பான்மை’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கொள்முதல், சுங்கம், கணக்கு என்று தெரிந்த தொழிலை எழுதுங்கள்.

நேர்காணலுக்கு முன், நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டைப் புரட்டிவிடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர், ஒரு கழிப்பறைக்கு 20 பேர். இதையெல்லாம் கேட்டார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் பங்களாதேஷ் கையெழுத்திடவில்லையே என்று பேச்சு வந்தது. “சிங்கப்பூரும்தான். ஆனால் 1978 முதல் 1996 வரை செம்பவாங் ஹாக்கின்ஸ் சாலையில் வியட்நாமியர் முகாம் இருந்தது” என்றேன். எதிரில் இருந்தவர் குறித்துக்கொண்டார். அப்போதே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில்தான் மாட்டிக்கொண்டேன்.

சிங்கப்பூர்த் தமிழர்களான நம்மில் பலருக்கு அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, ‘இன்னாரின் மகன்’ என்று பொருள்படும் ‘எஸ்/ஓ’ (s/o) இருக்கும். கடவுச்சீட்டில் எல்லாம் சேர்ந்து ஒரே பெயர். எனக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் இணையப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது, சாய்கோட்டையும் ஏற்காது. விளைவு, சாய்கோடு போய் ‘சோ’ (So) என்றான நடுப்பெயரோடு, அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கி, அவரை விளித்து வேலைக் கடிதம் வந்தது. “எனக்கு வேலை கெடைச்சிருக்கு போலிருக்கே, சம்பளம் எவ்வளவுப்பா?” என்றார் அப்பா.

அவர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் வயிறு எரிந்தது. சிங்கப்பூர்க் குடிமகனுக்குக் குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றிதழ் வேண்டுமென்றால், அதை வெளிநாட்டில் யார் கேட்கிறார்கள் என்று கடிதம் காட்ட வேண்டும். என் கையில் இருந்ததோ ‘சோ’வின் கடிதம்! திருத்தித் தரக் கேட்டால், “எங்கள் சிஸ்டம் அப்படித்தான்” என்று ஒரு வரிப் பதில். மறுபடி எழுதினேன், அதே வரி வேறொருவர் கையெழுத்தோடு வந்தது. அகதிகளின் பெயர்களைப் பதிவு செய்யும் துறையில் இருப்பவர்கள் இவர்கள்!

கடைசியில் உறுதிமொழி ஆணையர் ஒருவரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கினேன். அதைக் கடிதத்தோடு இணைத்ததும் விண்ணப்பம் நகர்ந்தது. கைரேகை, சான்றிதழ் எல்லாம் அப்புறம் சுலபம். அந்தப் பிரமாணத்தின் நகலை விசா விண்ணப்பத்தோடும் வைத்தேன்.

ஐ.நா.வின் ‘பிசேஃப்’ பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக முடிக்கலாம், வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பதிவு செய்யும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைத் தட்டுங்கள், சான்றிதழில் அதுதான் அச்சாகும்.

இன்னொன்று, விசா கைக்கு வருமுன் ராஜினாமா கொடுக்காதீர்கள். சீக்கிரம் கொடுத்துவிடச் சொல்லி அந்த நிறுவனத்தார் நச்சரித்தார்கள்தான். நான் அசையவில்லை.